பெரிய வகுப்புப் பிள்ளைக்கு என்ன புத்தகம் கொடுக்கலாம்?

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை முடியும் வரைக்கும் நம் லயத்து வீடுகளில் புத்தகத்துக்குக் குறைவில்லை. மாதிரி வினாத்தாள், கடந்தகால வினாத்தாள், பொது அறிவுப் புத்தகம் என்று டவுனுக்குப் போகும்போதெல்லாம் ஒன்று வாங்கி வருகிறோம். கையில் காசு இல்லாவிட்டால் பக்கத்துக் காம்பராவில் கைமாற்று வாங்கியாவது வாங்குகிறோம். பரீட்சை முடிந்த மறுவாரம் அவையெல்லாம் மூட்டையாகி இஸ்தோப்பு மூலைக்குப் போய்விடுகின்றன. அதோடு சரி. பிள்ளை ஆறு, ஏழு, எட்டு என்று வகுப்பேறுகிறது. பாடப்புத்தகத்தைத் தவிர வேறொரு புத்தகம் வீட்டுக்குள் வருவதில்லை.

பாடப்புத்தகத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. 1980ஆம் ஆண்டிலிருந்து அரசாங்கம் அதை இலவசமாகத் தருகிறது. அது இல்லாதிருந்தால் நம் பிள்ளைகளில் பாதிப்பேர் படித்திருக்க முடியாது. ஆனால் பாடப்புத்தகத்தை யாரும் ஆசைப்பட்டு வாசிப்பதில்லை. கேள்விக்குப் பதில் எங்கே இருக்கிறது என்று தேடி, அதைக் கோடிட்டு, மனப்பாடம் செய்வதோடு வேலை முடிகிறது. பத்துப் பக்கத்தை ஒரே மூச்சில் வாசித்து, அதில் சொன்னது என்ன, சொல்லாமல் விட்டது என்ன என்று யோசிக்கும் பழக்கம் அதிலிருந்து வருவது கஷ்டம்.

அந்தப் பழக்கம் பதினொரு வயதிலிருந்து பதினாறு வயதுக்குள் படிய வேண்டும். சாதாரண தரப் பரீட்சையில் நீளமான கேள்வியைப் பார்த்துப் பிள்ளை மிரண்டு போவதற்கும், படிப்பை விட்டுக் கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போகிற பொடியன் வாசிக்காமலே கடதாசியில் கையெழுத்துப் போடுவதற்கும் காரணம் ஒன்றுதான். எழுத்துத் தெரியும். ஆனால் ஒரு பக்கத்தை முழுசாக வாசித்து விளங்கிக்கொள்ளும் பொறுமை பழகவில்லை. அதைப் பழக்குவதற்கு நல்ல கதைப் புத்தகத்தை விடச் சுலபமான வழி வேறில்லை.

"சரிங்க, எங்களுக்கே வாசிக்கத் தெரியாது. நாங்க என்னத்தப் பாத்து வாங்குறது?" என்று தாய்மார் கேட்பது நியாயமான கேள்வி. வாசிக்கத் தெரியாதவர்களும் புத்தகம் தெரிவு செய்யலாம். அதற்குக் கண் வேண்டாம், காது போதும்.

விரல் மடக்கிப் பாருங்கள்

கடையிலோ நூலகத்திலோ புத்தகத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்து, நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். முதல் பக்கம் வேண்டாம், அதை எல்லாரும் நன்றாகத்தான் எழுதியிருப்பார்கள். விளங்காத சொல் வரும்போதெல்லாம் பிள்ளை ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடியுமுன் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கஷ்டம். அடுத்த வருசம் பார்க்கலாம். இரண்டு மூன்று விரல் மடங்கினால் பொருத்தம். ஒன்றுமே மடங்காவிட்டால் இலகுவான புத்தகம். அதையும் வேண்டாமென்று தள்ளாதீர்கள். எட்டாம் ஆண்டிலும் எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளைகள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு முதலில் வேண்டியது 'ஒரு புத்தகத்தை நான் முடித்துவிட்டேன்' என்கிற தெம்பு. அந்தப் பிள்ளையிடம் "இது சின்னப்புள்ளைங்க புத்தகமாச்சே" என்று சொன்னால் அன்றைக்கே வாசிப்புக்கு முழுக்குப் போட்டுவிடும்.

வாசித்து முடித்ததும், "என்னதான் நடந்திச்சு, சொல்லு பாப்போம்" என்று கேளுங்கள். பிள்ளை தன் வாயால் கதையைச் சொல்ல வேண்டும். சொல்லும்போதே கண் விரிகிறதா, அடுத்த பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறதா என்று கவனித்தால் போதும். புத்தகம் நல்லதா என்பது பாதி விளங்கிவிடும். மீதி பாதிக்கு, வாசிக்கிற கதையை நீங்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அதில் வருகிற ஆட்கள் நிஜமான ஆட்களைப் போலப் பேசுகிறார்களா? ஏழையை, கறுப்பாக இருப்பவரை, வேறு சாதிக்காரரை, வேறு மொழிக்காரரைக் கேலிக்கு வைத்திருக்கிறார்களா? பெண்பிள்ளை அழுவதற்கும் அடிவாங்குவதற்கும் மட்டும்தான் வருகிறாளா? இதையெல்லாம் காதால் கேட்டே கண்டுபிடிக்கலாம்.

இன்னொன்று, எழுத்தின் அளவு. இது சின்ன விசயம் போலத் தெரியும். நம் காம்பராக்களில் இரவு வெளிச்சம் எப்படியென்று எல்லாருக்கும் தெரியும். பொடி எழுத்தில் நெருக்கி அச்சடித்த மலிவுப் பதிப்பை வாங்கிக் கொடுத்துவிட்டு, பிள்ளை வாசிக்கவில்லை என்று ஏசுவது நியாயமில்லை.

உபதேசப் புத்தகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'நல்லொழுக்கக் கதைகள்', 'வெற்றிக்கு வழி' என்ற தலைப்புகளைக் கண்டதும் பெற்றோர் கை நீட்டுகிறார்கள். உபதேசம் நம் பிள்ளைகளுக்கு வீட்டிலும் பாடசாலையிலும் கோயிலிலும் தேவைக்கு மேலேயே கிடைக்கிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளை அந்தப் புத்தகத்தை நான்கு பக்கத்துக்கு மேல் வாசிக்காது. வினாவிடை வடிவில் வரும் பொது அறிவுப் புத்தகங்களும் அப்படித்தான். போட்டிக்கு உதவும், வாசிப்புக்கு உதவாது.

நம் மலையைப் பற்றிய புத்தகங்கள்

நம் பிள்ளைகளில் பலர் பத்தாம் ஆண்டு வரை படித்தும், லயமும் கொழுந்துக் கூடையும் வருகிற ஒரு புத்தகத்தைக் கையால் தொட்டிருக்க மாட்டார்கள். 'கதையென்றால் அது மதுரையிலோ லண்டனிலோதான் நடக்கும்' என்று நினைத்து வளர்கிறார்கள். அது சரியல்ல. நம்மைப் பற்றி நம்மவர்களே எழுதியது நிறைய இருக்கிறது.

முதலில் சி.வி. வேலுப்பிள்ளை. வட்டகொடைப் பக்கம் மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர். 1947 தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து முதலாவது பாராளுமன்றத்துக்குப் போனவர். தோட்டம் தோட்டமாகக் கேட்டு எழுதிய நாட்டார் பாடல்களை அவர் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற நூலாக 1983இல் தந்தார். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இந்தப் புத்தகத்தைத்தான் முதலில் சொல்வேன். காரணம் இருக்கிறது. பிள்ளை ஒரு பாட்டை வாசிக்கும்போது அடுப்படியிலிருக்கும் அப்பாயி, "அது அப்படியில்லடா, நாங்க வேற மாதிரில பாடுவோம்" என்று ராகத்தோடு திருத்துவார். எழுதப் படிக்கத் தெரியாத அப்பாயி அந்த இடத்தில் புத்தகத்துக்கே வாத்தியாராகிவிடுகிறார். பிள்ளை அவருடைய பாட்டை ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். சி.வி.யும் அப்படிக் கேட்டு எழுதித்தான் அந்த நூலைச் செய்தார். அப்பாயி போன பிறகு கேட்க முடியாது.

என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' சிறுகதைத் தொகுதி 1980இல் வந்தது. தலைப்புக் கதை, கொழுந்து பறிக்கும் பெண்ணின் கைவேகத்தையும் மானத்தையும் பற்றியது. தாய் தினமும் நிறுவைத் தராசடியில் நிற்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் கதையை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சிறுகதை என்பதால் ஒரே இருப்பில் முடித்துவிடலாம். எட்டாம் ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைக்குப் பொருத்தம்.

பதுளைப் பக்கம் தெளிவத்தைத் தோட்டத்தில் வேலை செய்து, அந்தத் தோட்டத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவர் தெளிவத்தை ஜோசப். 2022இல் காலமானார். 'காலங்கள் சாவதில்லை' என்ற அவருடைய நாவல் 1974இலும், 'நாமிருக்கும் நாடே' சிறுகதைத் தொகுதி 1979இலும் வந்தன. பெரட்டுக்களம், கணக்கப்பிள்ளை, கங்காணி, துரை என்று எல்லாரும் அவருடைய கதைகளில் நடமாடுவார்கள். பதினைந்து வயதுக்கு மேல் கொடுக்கலாம்.

கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' 1964இல் வந்த நாவல். தமிழ்நாட்டிலிருந்து பஞ்சம் பிழைக்கக் கப்பலேறி வந்தவர்களின் கதை. இதில் நம் பெண்கள் பட்ட கொடுமைகள் ஒளிக்காமல் எழுதப்பட்டிருக்கின்றன. ஆகவே பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைக்குக் கொடுங்கள். கொடுத்துவிட்டு விலகிப் போகாதீர்கள். "எதுவரைக்கும் வந்திட்ட? வள்ளிக்கு என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். 1823ஆம் ஆண்டிலிருந்து கணக்கிட்டு, 2023இல் மலையக மக்களின் இருநூறு ஆண்டு நினைவுகூரப்பட்டது. மேடையில் பேசியவர்கள் சொல்லாத பல சங்கதிகளைப் பிள்ளை இந்தப் புத்தகத்தில் தெரிந்துகொள்ளும்.

மலைக்கு அப்பால்

நம்மைப் பற்றியதை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தாலும் மனசு குறுகிப்போகும். ஒரே பஸ்ஸில் போகிறோம், ஒரே சந்தையில் மரக்கறி வாங்குகிறோம். ஆனால் பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பிள்ளை வீட்டில் எப்படி இருக்கும், எதற்குப் பயப்படும் என்று நம் பிள்ளைக்குத் தெரியாது. மார்ட்டின் விக்கிரமசிங்க 1947இல் எழுதிய 'மடோல் தூவ' தமிழிலும் வந்திருக்கிறது. ஊரார் எல்லாரும் "உருப்படாத பயல்" என்று கைவிட்ட உபாலி என்கிற பையனும், ஜின்னா என்கிற அவன் தோழனும் வீட்டை விட்டு ஓடி, கண்டல் மரம் சூழ்ந்த ஒரு தீவில் குடியேறி, தோட்டம் போட்டுப் பிழைக்கிற கதை. வாசிக்கவே மாட்டேன் என்று முரண்டு பிடிக்கிற பொடியன்களுக்கு இதைவிட நல்ல புத்தகம் எனக்குத் தெரியவில்லை. குறும்பு நிறைய இருக்கிறது, உபதேசம் இல்லை. சிங்களம் வாசிக்கப் பழகுகிற பிள்ளையென்றால் இரண்டு மொழியிலும் பக்கத்தில் வைத்து வாசிக்கலாம். பிற்காலத்தில் அரசாங்க உத்தியோகத்துக்குப் போனாலும் கடை வைத்தாலும் அது கைகொடுக்கும்.

'டோட்டோ-சான்' ஜப்பான் நாட்டுப் புத்தகம். தெத்சுகோ குரோயநாகி என்ற அம்மையார் தன் சின்ன வயதைப் பற்றி 1981இல் எழுதியது. தமிழில் மலிவு விலைப் பதிப்பாக வந்திருக்கிறது. துடுக்குத்தனம் தாங்க முடியாமல் ஒரு பாடசாலையிலிருந்து விலக்கப்பட்ட சிறுமி, பழைய ரயில் பெட்டிகளை வகுப்பறையாக வைத்திருக்கும் இன்னொரு பாடசாலைக்குப் போகிறாள். அங்கே அதிபர், முதல் நாளே அவள் பேசுவதை நான்கு மணித்தியாலம் உட்கார்ந்து கேட்கிறார். அந்தப் பாடசாலையில் சாப்பாட்டுப் பெட்டிக்குள் கடலிலிருந்து கொஞ்சமும் மலையிலிருந்து கொஞ்சமும் இருக்க வேண்டுமாம். ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு போகிற நம் பிள்ளைகள் இதை வாசித்துச் சிரிக்கும். 1945இல் குண்டு விழுந்து அந்தப் பாடசாலை எரிந்து போகிறது. அந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிடும். ஆறாம் ஏழாம் ஆண்டுக்கே கொடுக்கலாம். முடிந்தால் ஆசிரியர்களும் வாசிக்கலாம்.

ஜெயமோகன் எழுதிய 'யானை டாக்டர்' ஒரு சிறுகதைதான். ஆனால் தனிப் புத்தகமாகவும் கிடைக்கிறது. தமிழ்நாட்டில், தேயிலை விளைகிற ஆனைமலைப் பக்கத்துக் காட்டில் யானைகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் கிருஷ்ணமூர்த்தி என்ற நிஜ மனிதரை வைத்து எழுதியது. சுற்றுலா வந்தவர்கள் வீசிய போத்தல் உடைந்து யானையின் காலில் ஏறுகிற கட்டம் அதில் வருகிறது. நம் பீலிக்கரையிலும் தேயிலை வானிலும் உடைந்த போத்தலைக் கண்ட பிள்ளைக்கு அது உறைக்கும்.

ஒரு புத்தகத்தைப் பற்றி மட்டும் முன்கூட்டியே எச்சரிக்க வேண்டியிருக்கிறது. இரா. நடராசனின் 'ஆயிஷா' மிகச் சின்னப் புத்தகம். வகுப்பில் கேள்வி கேட்டதற்காக அடி வாங்குகிற கெட்டிக்காரச் சிறுமியின் கதை. தமிழில் பதின்ம வயதினருக்கு வந்த மிக நல்ல கதைகளில் ஒன்று என்பேன். ஆனால் அந்தச் சிறுமி கடைசியில் செத்துப் போகிறாள். அதுவும் தனக்குத்தானே ஒரு மருந்தை ஏற்றிப் பார்த்து. வீட்டில் பிள்ளை மனம் சோர்ந்து, ஒதுங்கி, சாப்பிடாமல் இருக்கிற நேரத்தில் இந்தப் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு மலைக்குப் போகக் கூடாது. யாராவது ஒரு பெரியவர், டீச்சரோ அக்காவோ, கூட இருந்து வாசித்துப் பேச வேண்டும். சோகக் கதையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாசித்த பின் பேசுவதற்கு ஆள் இருக்க வேண்டும்.

கல்கியின் 'பொன்னியின் செல்வ'னைப் பற்றிக் கேட்காத பெற்றோர் இல்லை. 1950க்கும் 1954க்கும் இடையில் வாராவாரம் வந்த தொடர்கதை அது, ஐந்து பாகம். பன்னிரண்டு வயதில் ஐந்து பாகத்தையும் அடுக்கிக் காட்டினால் பிள்ளை பயந்துவிடும். பதினான்கு வயதுக்கு மேல் முதல் பாகத்தை மட்டும் இரவல் வாங்கிக் கொடுத்துப் பாருங்கள். பிடித்துவிட்டால் சோறு தண்ணி மறந்து வாசிக்கும். பிடிக்காவிட்டால் விடுங்கள். பழைய இந்தியக் கதைகளில் வருகிற சில வீட்டுப் பேச்சு நம் பேச்சில்லை. அது விளங்கவில்லை என்றால் பிள்ளை மட்டியென்று அர்த்தமில்லை.

படக்கதைப் புத்தகத்தையும் மாத நாவலையும் கண்டால் பிடுங்கி அடுப்பில் போடுகிற தகப்பன்மார் இருக்கிறார்கள். ராணி காமிக்ஸ், முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் வாசித்துத்தான் நம்மில் பலருக்கு எழுத்தே ஓடியது. அதைப் பிடுங்காமல் பக்கத்தில் இன்னொரு புத்தகத்தை வையுங்கள். பிடுங்கினால் ஒளித்து வாசிப்பார்கள். ஒளித்து வாசிப்பதைப் பற்றி உங்களிடம் பேச மாட்டார்கள்.

பெண்பிள்ளைகளுக்காகத் தனியாக ஒரு வார்த்தை. பொடியன் புத்தகத்தோடு உட்கார்ந்தால் "படிக்கிறான்" என்கிறோம். பிள்ளை உட்கார்ந்தால் "தண்ணி புடிக்கலையா, அடுப்புப் பத்த வைக்கலையா?" என்கிறோம். வயசுக்கு வந்த பிறகு அது இன்னும் கூடுகிறது. எவ்வளவு நல்ல புத்தகம் தெரிவு செய்து கொடுத்தாலும் வாசிக்க நேரம் கொடுக்காவிட்டால் பிரயோசனமில்லை. ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம், யாரும் ஏவாத அரை மணித்தியாலம் போதும்.

எங்கே கிடைக்கும்?

புத்தகம் இப்போது மலிவில்லை. 2022இல் கடதாசி இல்லாமல் பாடசாலைத் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனதை நாம் மறக்கவில்லை. அதற்குப் பிறகு விலை ஏறியது ஏறியதுதான். ஆகவே வாங்குவதற்கு முன் இரவல் எடுப்பதைப் பழக வேண்டும்.

டவுன்களில் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை நூலகங்கள் இருக்கின்றன. ஆனால் தோட்டத்து ஆட்களுக்கு அது தங்கள் நூலகம் என்ற எண்ணமே வரவில்லை. அதற்கு ஒரு காரணமும் உண்டு. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபை தன் பணத்தைச் செலவழிக்க நீண்டகாலம் தடையாக இருந்தது. ரோட்டும் வரவில்லை, வாசிகசாலையும் வரவில்லை. 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. இனி உங்கள் டிவிசனுக்கு ஒரு வாசிகசாலையோ, மாதம் ஒரு தரம் புத்தகப் பெட்டியோ வேண்டுமென்று சபை உறுப்பினரிடம் எழுத்தில் கேட்கலாம். ஓட்டுக் கேட்டு வருகிறபோது கேட்பது இன்னும் நல்லது. ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். அந்த மாதத்தில் நூலகங்களும் பாடசாலைகளும் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும், ஆகவே கேட்பதற்கு அதுவும் தோதான காலம்.

அதுவரை பாடசாலை நூலகம் இருக்கிறது. பல பாடசாலைகளில் புத்தகம் இருந்தும் அலுமாரி பூட்டியே கிடக்கிறது, "புள்ளைங்க கிழிச்சிருவாங்க" என்று. கிழிந்தால் ஒட்டலாம். பூட்டி வைத்த புத்தகத்தைப் பூச்சிதான் வாசிக்கும். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் சாவியைப் பற்றிக் கேளுங்கள்.

போன் உள்ள வீடுகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. கொரோனா காலத்தில் சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலை உச்சிக்கு ஏறியது நினைவிருக்கும். அதே போனில் 'நூலகம்' என்ற இணையத்தளத்தைத் திறக்கலாம். 2005இலிருந்து இலங்கைத் தமிழ்ப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் படமெடுத்து இலவசமாகப் போட்டு வருகிறார்கள். கடையில் இனிக் கிடைக்காத மலையகப் புத்தகங்கள் பல அதில் இருக்கின்றன. டேட்டா செலவாகும் என்பதால் ஒரு தரம் இறக்கி வைத்துக்கொண்டு வாசிப்பது நல்லது. ஒரு லயத்தில் ஒருவர் இறக்கினால் மற்றவர்களுக்கும் அனுப்பலாம்.

இரவல் எடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிற நிலையில் வைத்திருப்பதும் நம் பொறுப்பு. நம் மலையில் அதற்கு முதல் எதிரி ஈரம். தென்மேற்குப் பருவமழை காலத்தில் காம்பராச் சுவரே வியர்க்கும். புத்தகத்தைச் சுவரோடு ஒட்டி அடுக்காமல், தரையில் வைக்காமல், பலகைத் தட்டில் இடைவெளி விட்டு நிறுத்தி வையுங்கள். பழைய பேப்பரால் உறை போட்டால் அட்டை தப்பும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வைத்தால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். நனைந்துவிட்டால் அடுப்புக்கு மேலே தொங்கவிடாதீர்கள், தாள் சுருண்டு புகை மணக்கும். விசிறி மாதிரி விரித்து நிறுத்தி, காற்றோட்டமான இடத்தில் நிழலில் காயவிடுங்கள். வெயில் எட்டிப் பார்க்கிற நாளில் எல்லாப் புத்தகத்தையும் ஒரு தரம் வெளியே எடுத்துத் தட்டி வைத்தால் பூச்சியும் அண்டாது.